கம்பு பிடித்து மூன்று வருடம் ஆச்சு, இன்னும் வாள் தரவில்லை. மற்ற நாடுகளில் எப்படிப் பழக்கினார்கள்?

வைகைக்கரை:

வணக்கம். மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். என் மகனுக்கு 13 வயது. மூன்று வருடமாகச் சிலம்பம் கற்றுக்கொள்கிறான். விடிகாலை ஐந்தரைக்கெல்லாம் கண்மாய்க் கரைத் திடலுக்குப் போய்விடுவான், மழை பெய்தாலொழிய ஒரு நாள் தப்பாது. இப்போது ஒரே பிடிவாதம், வாள் வேண்டும் என்று. ஆசான் வீட்டுச் சுவரில் பட்டாக்கத்தி, சுருள்வாள், மான்கொம்பு எல்லாம் மாட்டியிருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்கு இறக்கித் துடைத்துப் பொட்டு வைப்பார், அதோடு சரி. கேட்டால், "கால் நிக்கட்டும்டா, கை தானா வரும்" என்பதுதான் மூன்று வருடமாகப் பதில்.

பையன் சும்மா இருப்பானா? கைபேசியில் ஜப்பான்காரர்களும் ஐரோப்பாக்காரர்களும் வாள் பழகுவதைப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பிடும்போது கேட்கிறான், "அங்கெல்லாம் முத நாளே வாள் குடுத்துருவாங்களாப்பா? நெசமா மோதித்தான் பழகுவாங்களா, இல்ல நம்ம மாதிரி வரிசை வரிசையா செய்வாங்களா?" எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆசானிடம் கேட்க அவனுக்குப் பயம், எனக்குத் தயக்கம்.

இங்கே வெளிநாட்டில் இருந்து பழகியவர்கள், பழைய படைகளைப் பற்றிப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படத்தில் வருவது வேண்டாம், உண்மையில் எப்படிக் கற்றார்கள் என்பதுதான் வேண்டும்.


கிழக்குக்காற்று:

அண்ணா, நான் ஒன்பது வருடமாக நகோயாவில் வேலை பார்க்கிறேன். முதல் நான்கு வருடம் கெண்டோ, அதாவது கவசம் போட்டு மூங்கில் வாளால் மோதும் விளையாட்டு, அதற்கப்புறம் ஒரு பழைய வாள் பள்ளி. உங்கள் மகனிடம் தைரியமாகச் சொல்லலாம், இங்கேயும் முதல் நாள் வாள் கிடையாது. எனக்கு இரும்பு வாள் கைக்கு வந்தது ஐந்தாவது வருடம், அதுவும் கூர் இல்லாதது. அதுவரை மூங்கில் வாளும் மரவாளும்தான்.

வாள் பழகுவதில் ஒரு அடிப்படைச் சங்கடம் இருக்கிறது. நீச்சல் பழக வேண்டுமானால் கிணற்றில் இறங்கலாம். வாள் பழகுவதற்காகக் கூடப் படிப்பவனை வெட்ட முடியாது. ஆகையால் எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்தால்தான் பயிற்சியே நடக்கும். எந்த நாட்டுப் பயிற்சியைப் பார்த்தாலும் நான் முதலில் கவனிப்பது இதைத்தான், இவர்கள் எதை விட்டார்கள் என்று. ஜப்பானின் பழைய பள்ளிகள் இஷ்டப்படி அடிப்பதை விட்டுவிட்டார்கள். இருவர் எதிரெதிரே நின்று, யார் எப்போது எங்கே வெட்டுவது, மற்றவர் எப்படி நகர்ந்து திருப்பி வெட்டுவது என்று எல்லாம் முன்பே முடிவான கோர்வைகளைச் செய்வார்கள். அதற்குக் கட்டா என்று பெயர்.

கேட்டால் நாடகம் மாதிரி இருக்கும். நானும் முதல் மாதம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது, அது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது. கட்டாவில் இரண்டு பாத்திரம், ஒருவர் தாக்கித் தோற்பவர், மற்றவர் சமாளித்து ஜெயிப்பவர். நம் ஊர் வழக்கப்படி குருதான் ஜெயிப்பார் என்று நினைப்போம். இங்கே தோற்கும் பக்கத்தை எடுப்பது பெரியவர், மாணவன்தான் ஜெயிப்பான். என் எதிரே நிற்பவருக்கு எழுபது தாண்டிவிட்டது. குளிர்காலத்தில் மரத்தரையில் வெறுங்காலோடு நின்று, என் நெற்றிக்கு நேராக மரவாளை இறக்குவார். நான் சரியான நேரத்தில் விலகினால் அது காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். நான் தாமதித்தால் நெற்றிக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுவிடும், எனக்கு அந்த மரத்தின் எண்ணெய் வாசனை வரும். நான் போன வாரத்தை விட நன்றாகச் செய்தால் இந்த வாரம் அவர் அரை நொடி வேகமாக வருவார். ஒன்றும் சொல்ல மாட்டார். என் அளவு பார்த்து எனக்கு வேண்டிய ஆபத்தை அளந்து கொடுக்கிறார், அதைச் செய்யத் தெரிந்தவர்தான் தோற்கும் பக்கத்தில் நிற்க முடியும். மாணவனிடம் கொடுத்தால் ஒன்று மண்டையை உடைப்பான், இல்லாவிட்டால் பயந்து தூரத்தில் வெட்டுவான்.

மரவாள் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம், எலும்பை முறிக்கும். மியாமோட்டோ முசாஷி 1612-இல் சசாக்கி கோஜிரோவைக் கொன்றது படகுத் துடுப்பில் செதுக்கிய மரவாளால் என்றுதான் இங்கே காலங்காலமாகச் சொல்கிறார்கள். அதனால்தான் 1500களிலேயே காமிஇசுமி நொபுத்சுனா மூங்கிலைக் கீறித் தோலுறைக்குள் போட்டு ஒரு பயிற்சி வாள் கொண்டுவந்தார். அடித்தால் வலிக்கும், எலும்பு போகாது.

1615-இல் ஒசாகா முற்றுகை முடிந்த பிறகு இங்கே இருநூறு வருடத்துக்கு மேல் பெரிய போர் அநேகமாகக் கிடையாது. இடுப்பில் வாள், ஆனால் சண்டை இல்லை. அந்த அமைதியில் கட்டா அழகு பார்த்துச் செய்கிற காரியமாக மாறுகிறது என்ற வருத்தம் அவர்களுக்கே வந்தது. 1700களில் சில பள்ளிகள் முகக்கவசம், கையுறை, மார்புக்கவசம் எல்லாம் போட்டு மூங்கில் வாளால் முழு வேகத்தில் அடித்துப் பழக ஆரம்பித்தார்கள். இன்றைய கெண்டோ அங்கிருந்து வந்ததுதான். பழைய ஆட்கள் இது வாளே இல்லை, கோலாட்டம் என்கிற மாதிரி எதிர்த்தார்கள். இரு பக்கத்திலும் உண்மை இருக்கிறது. கெண்டோவில் எனக்குக் கிடைத்த நேரக் கணிப்பு கட்டாவில் வராது, நிச்சயம். ஆனால் மூங்கில் வாளுக்குக் கூர் கிடையாது, வளைவு கிடையாது, பட்ட இடம் வெட்டுப்படுமா நழுவுமா என்ற கவலையே இல்லாமல் கை பழகிவிடுகிறது. பின்னால் கூரான இரும்பு வாளால் பாய்ச்சுருளை வெட்டிப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது. நான்கு வருடக் கெண்டோக்காரன் நான், வாள் பாதியிலேயே பக்கவாட்டில் திரும்பிப் பாய்க்குள் மாட்டிக்கொண்டது.


கல்லணை:

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஐந்து வருடமாக நெடுவாள் பழகுகிறேன், இரண்டு கையாலும் பிடிக்கிற வாள். நண்பர் கிழக்குக்காற்று சொன்ன "எதை விட்டார்கள்" என்ற கேள்வி நல்ல கேள்வி, அதையே பிடித்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துவிடுகிறேன். ஐரோப்பிய வாள் என்றால் பத்துக் கிலோ இரும்பு, பலசாலி தூக்கித் தூக்கிப் போடுவான் என்று பலரும் நம்புகிறார்கள். அருங்காட்சியகங்களில் இருக்கிற நெடுவாள்கள் பெரும்பாலும் ஒன்றரைக் கிலோ சுற்றித்தான் இருக்கும். விரலால் திருப்பலாம்.

ஜப்பானில் குரு சிஷ்ய வழி அறுபடாமல் வந்தது. இங்கே அறுந்துவிட்டது. துப்பாக்கி வந்து, அப்புறம் குத்துவதற்கான மெலிந்த நீள வாள் வந்து, நெடுவாள் சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாமல் போனது. இன்றைக்கு நாங்கள் பழகுவதெல்லாம் ஏடுகளைப் பார்த்து மீட்டெடுத்தது. 1300களில் யோஹான்னஸ் லீஷ்டெனவர் என்ற ஆசான் தன் வித்தையைப் பாட்டாகக் கட்டி வைத்தார். மனப்பாடம் பண்ண எதுகையோடு, வெளியாளுக்குப் புரியாதபடி பூடகமாக. நம் சித்தர் பாடல்களில் பரிபாஷை வருமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. பின்னால் வந்தவர்கள் அதற்கு உரை எழுதி வைத்ததால்தான் நமக்குப் பொருள் தெரிகிறது. இதைவிடப் பழைய ஏடு ஒன்று இங்கிலாந்தில் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 1300களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதில் வாளும் சிறு கேடயமும் சொல்லிக்கொடுப்பவர் ஒரு பாதிரியார். கடைசிப் படங்களில் அவர் எதிரே வாள் பிடித்து நிற்பது வால்புர்கிஸ் என்று பெயர் எழுதிய ஒரு பெண். உங்கள் வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

இந்த வழியின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், இரண்டு வாளும் ஒன்றோடொன்று மோதி ஒட்டி நிற்கிற அந்தக் கண நேரத்தில். ஜெர்மானியர்கள் அதற்கு ஃப்யூலென் என்பார்கள், உணர்தல். எதிராளி வாளை அழுத்துகிறானா, தளர்த்துகிறானா என்று கண்ணால் பார்க்க நேரமில்லை, வாள் வழியாகக் கைக்குத் தெரிய வேண்டும். எங்கள் வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு வாளை ஒட்டவைத்து நிற்கச் சொல்வார்கள். எதிரே இருப்பவர் அழுத்தினால் நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும், தளர்ந்தால் நேரே முகத்துக்குக் குத்த வேண்டும். முதல் ஆறு மாதம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, இரும்பு இரும்பில் உரசுவது மட்டும்தான் கேட்டது. பிறகு ஒரு நாள் தெரிந்தது. தூண்டில்காரனுக்கு மீன் கடிப்பது கையில் தெரியுமே, அதேதான்.

இவர்கள் எதை விட்டார்கள்? நகரங்களில் ஃபெக்ட்ஷூலே என்று பொதுப் போட்டி நடக்கும். தச்சர், தோல் பதனிடுபவர், எழுத்தர் எல்லாரும் வந்து மோதுவார்கள். பிராங்பர்ட்டைச் சேர்ந்த மார்க்ஸ்ப்ரூடர் என்ற வாள் ஆசான்கள் சங்கத்துக்கு 1487-இல் பேரரசர் மூன்றாம் பிரடெரிக்கே உரிமைப் பத்திரம் கொடுத்தார். அந்தப் போட்டிகளில் மழுங்கிய வாள், பிற்காலத்தில் குத்துவதற்குத் தடை, எதிராளியின் தலையில் யார் மிக உயரமான இடத்தில் ரத்தம் வரவைக்கிறாரோ அவருக்கு வெற்றி. குத்தை விட்டார்கள், வெட்டையும் வேகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அதன் விளைவும் தெரிகிறது, 1570-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் யோவாகிம் மையர் எழுதி வைத்ததைப் பார்த்தால் நெடுவாள் பகுதியில் குத்து ரொம்பக் குறைந்துவிட்டது.

எனக்கு ஒரு கருத்து உண்டு, கிழக்குக்காற்று கோபித்துக்கொள்ளக் கூடாது. எதிராளி ஒத்துழைக்காமல் மோதிப் பார்க்காத வித்தை, தலைமுறை தலைமுறையாக நல்ல ஆசான் கிடைத்தால் மட்டும்தான் பிழைக்கும். ஒரே ஒரு மோசமான தலைமுறை போதும், எல்லாம் நடனமாகிவிடும்.


மலையடிவாரம்:

பாலக்காட்டுப் பக்கம் களரியில் பத்து வருடம் இருந்தேன். நீங்கள் சொல்வது எங்கள் கதை மாதிரியே இருக்கிறது, வைகைக்கரை. களரியில் வாள் மூன்றாவது படி. முதலில் மெய்த்தாரி, வெறும் உடம்புப் பயிற்சிதான். யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்று வடிவுகள், குருக்கள், அதாவது களரி ஆசான், வாய்த்தாரி என்ற வாய்க்கட்டளை சொல்லச் சொல்ல அதற்கேற்பக் கால் போக வேண்டும். அப்புறம் கோல்த்தாரி, கம்பும் சிறுவடியும் ஒற்றக்கோலும். அதெல்லாம் ஆன பிறகுதான் அங்கத்தாரி, அதாவது இரும்பு. உறுமி, அதாவது சுருள்வாள், கடைசி. அது வீசுகிறவனையே முதலில் வெட்டும், ஆகவே யாருக்கும் எளிதில் தர மாட்டார்கள்.

இடமே ஒரு ஆசான் மாதிரி. 42 அடி நீளம், 21 அடி அகலம், தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழி, தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. வலது கால் வைத்து இறங்கித் தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துத்தான் ஆரம்பம். ஓடி ஒளிய இடமில்லை, பின்னால் போனால் சுவர். வாளும் பரிசையும் (கேடயம்) எடுத்து அந்தக் குழிக்குள் உட்கார்ந்த நிலையிலிருந்து எம்பி வெட்டும்போதுதான், ஆறு வருடம் பன்றி வடிவில் தொடை நடுங்க நின்றது எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. இடுப்பு தாழவில்லை என்றால் பரிசைக்குப் பின்னால் உடம்பு மறையாது. அவ்வளவுதான் காரணம். ஆனால் அதை வாயால் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்கு மண்டையில் ஏறியிருக்காது.

கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, மழை பிடித்துக்கொண்டால் உழிச்சல். குருக்கள் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு எண்ணெய் தடவிய உடம்பைக் காலால் நீவுவார். உடம்பைத் தயார் பண்ணுவதற்கு இவ்வளவு மெனக்கெட்ட போர்மரபு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. வெள்ளைக்காரர்களை எதிர்த்த பழசிராஜா 1805-இல் மடிந்த பிறகு வெள்ளைக்காரர்கள் மலபாரில் ஆயுதத்தைப் பறித்தார்கள், களரிகள் ஒடுங்கிப்போயின. 1920களில் தலச்சேரிப் பக்கம்தான் மறுபடி துளிர்த்தது. நடுவில் ஒரு நூறு வருடம் யார் வீட்டுக் கொல்லையிலோ, யாருக்கும் தெரியாமல், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போயிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.


வைகைக்கரை:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. பையனுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அந்தப் பெரியவர் தோற்கும் பக்கம் நிற்பார் என்ற இடத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மறுபடி படிக்கச் சொன்னான்.

இன்னொரு கேள்வி. நீங்கள் மூவரும் சொன்னது ஒருவனோடு ஒருவன் மோதுவது. படையில் ஆயிரம் பேர் நிற்கும்போது இவ்வளவு நுணுக்கம் எடுபடுமா? எங்கள் ஊரில் அலங்காரச் சிலம்பம், போர்ச் சிலம்பம் என்று பிரித்துப் பேசுவார்கள். அந்தப் பிரிவினை வெளியிலும் உண்டா?


பழையஏடு:

உண்டு. அந்தப் பிரிவினையை எல்லாரையும் விடக் கறாராகப் பேசியவர் சீனாவின் சி ஜிகுவாங். 1550களில் கடற்கொள்ளையர்கள் சீனக் கடற்கரையைச் சூறையாடியபோது ஜெஜியாங்கில் அவர்களை அடக்கிய தளபதி. கொள்ளையர்களிடம் நீண்ட ஜப்பானிய வாள், தனித்தனியாக மோதினால் அவர்கள் கைதான் ஓங்கியது. இவர் யீவூ பகுதியின் உழவர்களையும் சுரங்கத் தொழிலாளிகளையும் சேர்த்தார். நகரத்துப் பகட்டுக்காரன் வேண்டாம், வெயிலில் காய்ந்த கிராமத்தான் போதும் என்பது அவர் தேர்வு. அழகுக்குச் சுற்றுவது, குதிப்பது, திரும்புவது எல்லாவற்றையும் 'பூ முறை' என்று ஒதுக்கினார். காரணம் எளிது. படை வரிசையில் நிற்கும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் தோளோடு தோள் ஆள். எல்லாரும் சேர்ந்து முன்னே போக வேண்டும், சேர்ந்து குத்த வேண்டும். ஒருவன் திரும்பிப் பார்த்தால் அத்தனை பேருக்கும் சந்தேகம் வந்துவிடும். அங்கே எவன் சுழன்று வீசுவான்? பதினொரு வீரர்களும் ஒரு சமையல்காரரும் சேர்ந்தது ஒரு குழு. கேடயத்தோடு குறுவாள் பிடித்தவர் முன்னே, கிளைகளோடு வெட்டிய நெடுமூங்கிலை நீட்டி எதிரியின் வாளைச் சிக்கவைப்பவர் அடுத்து, ஈட்டிக்காரர்கள் அவர்களுக்குப் பின்னே. அந்த மூங்கில் கிளைகளுக்குள் மாட்டிய நீண்ட வாள், பிடித்தவன் எவ்வளவு பெரிய வித்தகனாக இருந்தாலும் வெளியே வராது.

ரோமானியர்களும் அதே யோசனைதான், ஆனால் எதிராளியையே விட்டுவிட்டார்கள். வெஜீஷியஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதியிருக்கிறார், புதிதாகச் சேர்ந்தவனுக்கு நிஜத்தைப் போல இரண்டு மடங்கு கனமான பிரம்புக் கேடயமும் மரவாளும் கொடுத்து, ஆறடி உயரத்துக்கு நட்ட கம்பத்தோடு காலையும் மாலையும் மோத விடுவார்களாம். தலைக்கு, விலாவுக்கு, தொடைக்கு, பின்னே வாங்கு, மறுபடி பாய். முக்கியமான விதி, வெட்டாதே, குத்து. வெட்டு எலும்பில் தடுக்கிவிடும், கை தூக்கினால் விலா திறந்துவிடும். குத்து இரண்டு அங்குலம் இறங்கினாலே போதும். பயிற்சியில் தேறாதவனுக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை. சோற்றில் கை வைத்தால் எவன் கற்காமல் இருப்பான்!

கெய்ரோவில் மம்லூக்குகள் இருக்கிறார்களே, சின்ன வயதில் விலைக்கு வாங்கப்பட்டுக் கோட்டைப் படைவீட்டில் வளர்ந்த குதிரை வீரர்கள், அவர்கள் பழக்கம் வேறு. ஈரக் களிமண்ணைக் குவித்து அதில் வாளை இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நாளுக்கு நாள் எண்ணிக்கை ஏறும். அப்புறம் அடுக்கிய தாளை வெட்டுவது, இத்தனை அடுக்கு அறுபட வேண்டும், அடுத்ததில் கீறல் விழக்கூடாது. பலத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் அதைக் கட்டுப்படுத்தக் கற்றுத் தருகிறார்கள். என் கண்ணுக்கு இதுதான் எல்லாவற்றிலும் புத்திசாலித்தனமான பயிற்சி.

கடைசியாக நம் நாட்டுச் சம்பவம் ஒன்று. கேப்டன் நோலன் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படைக்காரர் 1853-இல் எழுதியது. நிஜாமின் குதிரை வீரர்கள் ஒரு சண்டையில் கை வேறு தலை வேறாக வெட்டியிருக்கிறார்கள். இது என்ன மாயவாள் என்று போய்ப் பார்த்தால், பிரிட்டிஷ் படை கழித்துப் போட்ட பழைய வாள்கள். கைப்பிடி மாற்றி, சவரக்கத்தி மாதிரி தீட்டி, மர உறையில் வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ்காரர்களின் உறை இரும்பு, உருவும்போதும் செருகும்போதும் கூர் மழுங்கிவிடும். வெட்டுவதற்கு எப்படிப் பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று ஒரு வயதான வீரரைக் கேட்டதற்கு, "ஒரு பயிற்சியும் கொடுப்பதில்லை, கூரான வாள் யார் கையிலும் வெட்டும்" என்றாராம். நான் படித்த வாள் பயிற்சிக் குறிப்புகளிலேயே எனக்குப் பிடித்தது இந்த ஒரு வரிதான்.


கல்லணை:

பழையஏடு ஐயா, மற்றதெல்லாம் சரி, நிஜாம் வீரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் அப்படிச் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் குதிரையும் வாளும் சின்ன வயதிலிருந்தே கூட வளர்ந்த ஆள் அவர். மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் போய் உனக்கு யார் வலை வீசப் பயிற்சி கொடுத்தது என்று கேட்டால், யாரும் கொடுக்கவில்லை என்றுதான் சொல்லும். நம் தல்வார் வாளின் கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள், அடியில் வட்டத் தட்டு ஒன்று மணிக்கட்டை முட்டும். ஐரோப்பிய முறையில் கையை நீட்டி வெட்டினால் அது குத்தும். தோளிலிருந்து இழுத்து அறுத்தால்தான் வசமாக இருக்கும். அந்த வாளே கையைத் திருத்திவிடுகிறது. அதுவும் பயிற்சிதான்.

வாளைத் தீட்டுவது பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதில் எனக்கு மறுப்பில்லை.


கிழக்குக்காற்று:

கல்லணை, கோபமெல்லாம் இல்லை. நடனமாகிவிடும் ஆபத்து உண்மைதான், இங்கேயே பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டாவை மட்டும் நம்பாமல், கவசப் போட்டிக்கும் போகாமல் மூன்றாவது வழி போனவர்களும் இங்கே உண்டு, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தெற்கே சத்சுமா நாட்டின் ஜிகென் பள்ளி. தடிமனான கம்பை நிலத்தில் செங்குத்தாக நட்டு, ஒரு முரட்டுத் தடியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டே இடமும் வலமும் மாறி மாறி அடிப்பார்கள். காலையில் 3000, மாலையில் 8000 அடி என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. தடுப்பு என்ற பேச்சே கிடையாது, முதல் வெட்டிலேயே முடிய வேண்டும். எதிராளி தடுத்தால் தடுத்த வாளோடு சேர்த்து இறக்க வேண்டும். ரோமானியரின் கம்பமும் இதுவும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டதே இல்லை.


நித்திலம்:

நான் வாள் பிடித்தவள் இல்லை, என் மகள் சென்னையில் ஃபென்சிங் பழகுகிறாள், சேபர் பிரிவு. ஒன்று மட்டும் சொல்ல வந்தேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பவானி தேவி ஆடினார் இல்லையா, ஒலிம்பிக் வாள்வீச்சுக்குப் போன முதல் இந்தியர், அவரும் ஆரம்பத்தில் மூங்கில் குச்சியால்தான் பழகினார், வாள் விலை அப்படி. என் மகளின் பயிற்சியாளரும் முதல் மூன்று மாதம் வெறும் காலடிதான் போட வைத்தார், கோடு போட்டு முன்னே இரண்டு பின்னே ஒன்று என்று. வீட்டுக் கூடத்தில் டைல்ஸ் கோட்டைப் பார்த்தே நடந்துகொண்டிருப்பாள். உங்கள் ஆசான் சொன்ன அதே வார்த்தை, "கால் நிற்கட்டும்".


வைகைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை தயக்கத்தை விட்டு ஆசானிடம் நானே போய்ப் பேசினேன். ஜப்பானில் பெரியவர் தோற்கும் பக்கம் நிற்பாராம் என்று சொன்னதும், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் கம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு, "நான் சின்னப் பயலுகளுக்கு முன்னால எப்படி நிக்கிறேன்னு பாத்திருக்கியா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறான், ஆனால் கவனித்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்து பார்த்தான். ஏழு வயதுப் பிள்ளை வீச வீச, அது அடிக்கிற இடத்துக்குத் தன் கம்பைக் கொண்டுபோய் வைக்கிறார். வேகமாக வீசுகிற பிள்ளைக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறார், பயந்த பிள்ளைக்கு நெருங்கி நிற்கிறார். இத்தனை நாள் நானும் அங்கேதான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், என் கண்ணிலும் படவில்லை.

வாள் தருவது பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் வருகிற வாரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு எதிரே அவனை நிற்கச் சொல்லியிருக்கிறார். ராத்திரி முழுக்க அதே பேச்சு, வாளைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இப்போது ஒரு சின்ன உதவி வேண்டும். அந்தப் பிள்ளைகள் இவன் நெஞ்சு உயரம்தான் இருப்பார்கள். இவனுடைய நெற்றி உயரக் கம்பை வைத்துக்கொண்டே எதிரே நிற்கலாமா, அல்லது அவர்கள் அளவுக்குக் குட்டையாக வேறு கம்பு வெட்ட வேண்டுமா? மூங்கில் வெட்டி இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறேன், அளவாக வெட்டுவதற்கு முன் யாராவது சொன்னால் நல்லது.


மலையடிவாரம்:

வெட்டாதீர்கள். அவன் கம்பு அப்படியே இருக்கட்டும், குனிந்து நிற்கப் பழகட்டும். கைப்பிடிக்கும் இடத்தை மட்டும் ஒரு முழம் முன்னால் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊறப்போட்ட மூங்கிலை நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.